சித்தப்பாவின் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்

இந்த முறை திருநெல்வேலியில் என்னை அசத்தியது லேப்கள்தான். போன் போட்டால் விடியற்காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். மத்தியானத்துக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. நான் இருக்கும் மெல்போர்னில் டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிகேரில் (ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடு) இது நடக்காது. ஆனால் அங்கே ரிப்போர்ட்டைப் பார்த்து விளக்க அந்த டாக்டர் இருப்பார். இங்கே அது நம் பாடு.

சித்தப்பாவுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 118, அதாவது குறைவு. அதிகமானதை மட்டும் தடித்த எழுத்தில் காட்டும் ரிப்போர்ட் அது. "எல்லாம் நார்மல் சார்" என்று லேபில் முடித்துவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்த மனிதர், கொழுப்பு மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தார். கொழுப்பு குறைந்தால் தற்கொலை எண்ணம் வருமென்று ஏதோ வீடியோவில் பார்த்தாராம்.

அது முழுக் கட்டுக்கதை இல்லை. 1990இல் மல்டூன் என்ற ஆய்வாளரின் குழு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய தொகுப்பாய்வில், கொழுப்பைக் குறைத்த ஆண்களிடம் விபத்து, தற்கொலை, வன்முறைச் சாவுகள் கூடியிருந்தன. அவர்கள் கொழுப்பைக் குறைத்தது, ஸ்டேட்டின் என்ற இன்றைய கொழுப்பு மாத்திரைகளுக்கு முந்தைய மருந்துகளாலும் உணவு மாற்றத்தாலும். 1994இல் 4,444 பேரிடம் சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டினைச் சோதித்த 4எஸ் ஆய்வில் அப்படி ஒன்றும் கூடவில்லை. 2001இல் அதே மல்டூன் குழு 19 சோதனைகளைத் தொகுத்தபோதும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. வீடியோக்காரர்கள் 1990உடன் நின்றுவிட்டார்கள் போல.

பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர் கேட்டது வேறு. "ஐயா, சாப்பாடு இறங்குதா? எடை குறைஞ்சிருக்கா?" சித்தி போனதிலிருந்து அவர் ஒருவேளைதான் சாப்பிடுகிறார். மனச்சோர்வில் பசி போகும், எடை இறங்கும், கொலஸ்ட்ராலும் கூடவே இறங்கலாம். குறைந்த கொலஸ்ட்ரால்தான் மனதைக் கெடுக்கிறது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது என்றார். அப்புறம், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். "சில ராத்திரி" என்றார் சித்தப்பா. வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் போனில் பிரஷர், சுகர்தான் விசாரிப்பேன்.

அன்று ராத்திரி 14416க்குப் போன் செய்தோம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் அவசரப்படாமல் பேசினார். மறுநாள் அரசு மருத்துவமனை. மனநலப் பிரிவுப் பலகையைப் பார்த்ததும் சித்தப்பா நிஜமாகவே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். மருந்துக்குக் காசு வாங்கவில்லை. கொழுப்பு மாத்திரையையும் தொடரச் சொல்லிவிட்டார்கள். கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். வீட்டு ஆள் ஒருவர் கூடப் போவது நல்லது, டாக்டர் அவரிடமும் தனியாகப் பேசுகிறார்.