பரிசுக் கட்டுரையா, மல்லிகைக் கட்டுரையா, ஏழு மார்க் கட்டுரையா?

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு முடிக்கிறாள். பதினொன்றாம் வகுப்புக்குக் கொடைக்கானல் பக்கம் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் விண்ணப்பிக்கிறோம். விண்ணப்பத்தோடு அவள் எழுதிய கட்டுரை ஒன்றையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கடந்த ஓராண்டில் எழுதியது, ஆங்கிலத்தில், இரண்டு பக்கத்துக்குள். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்பார்களாம்.

திருமங்கலத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் நோட்டுகளைப் பரப்பிவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். மூன்று கட்டுரைகள் தேறின. மூன்றையும் எப்படி எடைபோட்டோம் என்று எழுதிவைத்தால், இதே விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும்.

அக்காவின் ஓட்டு, கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய ‘காந்தியும் மதுரையும்’ கட்டுரைக்கு. பிழையே இல்லை. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் காந்தி அரையாடைக்கு மாறியது, தமுக்கம் அரண்மனையில் 1959-ல் காந்தி அருங்காட்சியகம் தொடங்கியது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஆனால் இரண்டு முறை படித்தும் என் அக்கா மகளை அதில் பார்க்க முடியவில்லை. அந்த அருங்காட்சியகத்துக்கு அவளைக் கூட்டிப்போனதே நான்தான். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணிக்கு முன்னால் பேசாமல் நெடுநேரம் நின்றாள். கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை. போட்டிக் கட்டுரைக்கு அது தேவைப்பட்டிருக்காது. சேர்க்கைக் குழுவோ பிள்ளையைத் தெரிந்துகொள்ளத்தானே கட்டுரை கேட்கிறது?

என் ஓட்டு முதலில் மல்லிகைக் கட்டுரைக்கு. அவளுடைய அப்பத்தா பூக்கட்டுகிறவர். விடிவதற்குள் மொட்டாகப் பறித்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனது போக மிஞ்சியதை வீட்டில் கட்டி முழம் போட்டு விற்பார். ஒன்பதாம் வகுப்பு லீவில் அதைப் பற்றி எழுதியிருந்தாள். படித்தால் கண் கலங்கும். நிதானமாகப் படித்தபோதுதான் உறுத்தியது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற வரி நான் சேர்த்தது. அப்பத்தாவின் விரல்களைப் பற்றிய அழகான வரி அக்காவுடையது. முடிவுப் பத்தியை டியூஷன் டீச்சர் மாற்றிக்கொடுத்தார். அன்பாகத்தான் செய்தோம். இருந்தாலும் அது இப்போது நான்கு பேர் எழுதிய கட்டுரை. அவள் முதலில் எழுதிய பிரதியை அனுப்பலாம் என்று பரண்வரை தேடினோம், கிடைக்கவில்லை. அது கிடைத்திருந்தால் என் முடிவு மாறியிருக்கலாம். பிள்ளைகளின் ரஃப் நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதை அவளே தயங்கித் தயங்கித்தான் எடுத்தாள். பள்ளியில் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் வந்தபின் வரலாற்றுப் பாடத்துக்காக எழுதிய அறிக்கை. பத்துக்கு ஏழு மார்க். ‘தலைப்பை விட்டு விலகிவிட்டாய். ஆனால் நல்ல கேள்வி’ என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

எங்கே விலகினாள் என்றால், உறைகிணறு, தமிழி எழுத்து பொறித்த பானை ஓடு என்று எல்லாரையும் போலத்தான் தொடங்குகிறாள். வட்டமாகத் தேய்த்த ஓட்டாஞ்சில்லுகளுக்கு வந்ததும் நின்றுவிடுகிறாள். விளையாட்டுப் பொருள்களோடு அவற்றை வைத்திருந்தார்களாம். வீட்டுக்கு வந்து, உடைந்த மண்பானை ஓடு ஒன்றை எடுத்துத் துவைக்கிற கல்லில் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். ஓரளவு வட்டம் வரவே நாற்பது நிமிடம் ஆயிற்று. ‘நாங்கள் பாண்டி விளையாடக் கீழே கிடக்கும் ஓட்டை அப்படியே எடுத்துக்கொள்வோம். இவ்வளவு நேரம் தேய்த்தவர்கள் விளையாடத்தான் தேய்த்தார்களா? எடை போடவா? வாய் குறுகிய பானையை மூடவா?’ விடை தெரியவில்லை என்று எழுதி முடித்துவிட்டாள்.

இலக்கணப் பிழை மூன்று இருக்கிறது. ஒரு பத்தி ரொம்ப நீளமாகப் போகிறது. பரிசுக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தால் பார்வைக்குச் சுமார்தான். ஆனால் தானாகப் பார்த்து, சந்தேகப்பட்டு, கையால் செய்துபார்த்தது இது ஒன்றுதான். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

அக்கா மனம் ஒப்பவில்லை. “ஏழு மார்க்கையா அனுப்புவாங்க?” என்றாள். சரி, நேர்காணல் மாதிரி கேட்டுப் பார்ப்போம் என்று மூன்றிலிருந்தும் கேள்வி கேட்டேன். காந்திக்குக் கட்டுரையின் வரிகளையே ஒப்பித்தாள். மல்லிகையில், நான் சேர்த்த வரிக்கு வந்ததும் தடுமாறினாள். கீழடி என்றதும், “இருங்க சித்தி” என்று ஓடிப்போய், பென்சில் டப்பாவிலிருந்து அந்தச் சில்லை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். அப்புறம் இருபது நிமிடம் அவள்தான் பேசினாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

பரிசுக் கட்டுரைக்கும் இடம் உண்டு. போட்டிச் சாதனைகளைத் தனியாகக் கேட்கும் உதவித்தொகை விண்ணப்பம் என்றால் அதைத்தான் வைப்பேன். பிள்ளை எப்படி எழுதுகிறாள் என்று பார்க்க மாதிரியாகக் கேட்கும் கட்டுரை வேறு விஷயம். அங்கே பிறர் கைபடாத எழுத்துக்கே மதிப்பு. அமெரிக்கத் தனியார் பள்ளிகள் பல ஏற்கும் எஸ்.எஸ்.ஏ.டி. தேர்விலேயே 25 நிமிட எழுத்துப் பகுதி ஒன்று உண்டு. அதற்கு மதிப்பெண் கிடையாது, பிள்ளை எழுதியது அப்படியே பள்ளிகளுக்குப் போகும். நம் பக்கத்துப் பள்ளியிலும் நேர்காணல் அன்று ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால், வீட்டில் நாலு பேர் மெருகேற்றிய கட்டுரைக்கும் அதற்கும் உள்ள தூரம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கீழடிக் கட்டுரையே என்று முடிவானதும், பிழைகளைத் திருத்தி வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். போனில் ஸ்கேன் செய்தபோது அக்கா ஓரத்தை வெட்டப் போனாள். சிவப்பு மை தெரியும்படி, ஏழு மார்க்கோடு முழுப் பக்கமும் போகட்டும் என்று தடுத்துவிட்டேன்.