தேன்குழலை உடைத்துப் பார்த்து வாங்குங்கள்: காரைக்குடிப் பலகாரக் கூடங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஊர் திரும்பும்போது வண்டியில் இரண்டு கிலோ பலகாரமாவது ஏறிவிடுகிறது. எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் ‘செட்டிநாடு’ என்று அச்சடித்திருக்கும். சிலவற்றில் கண்டாங்கி கட்டிய ஆச்சி படமும் சேர்ந்திருக்கும். உள்ளே இருப்பது எந்த அடுப்பில் வெந்தது என்பதைத்தான் வாங்குகிறவர் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரிய கடைகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே பேசுவது சின்னக் கூடங்களைப் பற்றி. பழைய வீட்டின் இரண்டாங்கட்டிலோ, வாடகைக்குப் பிடித்த ஓட்டுக் கொட்டகையிலோ நாலைந்து பெண்கள் சேர்ந்து சுட்டு, கிலோக் கணக்கில் விற்கும் இடங்கள். தீபாவளிக்கும் கல்யாணச் சீருக்கும் ஊரார் தேடிப்போவது இவர்களைத்தான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சீப்பு சீடையும் மாவுருண்டையும் தயங்காமல் வாங்கலாம். தேன்குழலை உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும். மனகோலத்தையும் அதிரசத்தையும் கேள்வி கேட்டு வாங்க வேண்டும். வெள்ளைப் பணியாரத்தைப் பொட்டலம் கட்டி விற்றால் வாங்கவே வேண்டாம்.

சீப்பு சீடையில் தொடங்குவோம். இந்தக் கூடங்களின் கைத்திறன் முழுக்கத் தெரிவது அதில்தான். அளவு வீட்டுக்கு வீடு மாறும். பொதுவாக நாலு பங்கு பச்சரிசி மாவுக்கு ஒரு பங்கு பருப்பு மாவு. பாசிப்பருப்பு போடுகிறவர்களும் உண்டு, உளுந்து போடுகிறவர்களும் உண்டு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, திரித்து, மாவை வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். கெட்டித் தேங்காய்ப்பாலைச் சூடாக்கி, உப்புப் போட்டுப் பிசைய வேண்டும். வரிவரியாகப் பல் உள்ள சீப்பு அச்சில் மாவைப் போட்டுத் துணிமேல் நீளமாகப் பிழிந்து, விரல் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் விரல் நுனியில் சுற்றி இரண்டு முனையையும் அமுக்கி ஒட்ட வேண்டும். பிறகுதான் எண்ணெய்ச் சட்டி.

அந்த ஒட்டும் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வலது கை துண்டை எடுக்கும், இடது கை ஆள்காட்டி விரல் நுனி வளையும், பெருவிரல் ஒரே அமுக்கு. கழற்றித் துணியில் போடுவதற்குள் அடுத்த துண்டு கையில் இருக்கும். சீடை ஒன்று 4, 5 கிராம்தான். அப்படியானால் ஒரு கிலோவில் 200 வளையத்துக்கு மேல். ஒவ்வொன்றும் ஒருவர் விரலைச் சுற்றிக் கழன்றது. மாவு காய்ந்தால் முனை ஒட்டாது, எண்ணெயில் விரிந்துவிடும். அதனால் பிழிகிறவரும் ஒட்டுகிறவரும் ஒரே வேகத்தில் போக வேண்டும். தேங்காய்ப்பால் நீர்த்திருந்தால் சீடை கல்லாகிவிடும், அளவுக்கு மீறினால் எண்ணெய் குடித்து உதிரும். எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் தங்கி, இரண்டே நாளில் நமத்துப்போகும்.

வாங்கும்போது ஒட்டிய இடத்தைத் தேடுங்கள். பெருவிரல் அமுக்கிய தட்டையான ஒரு புள்ளி இருக்கும். அது இல்லாமல் சின்னச் சின்ன ரிப்பன் துண்டாக இருந்தால் அது பிழிந்து வெட்டியது மட்டுமே. ருசி மோசமில்லை, ஆனால் சீப்பு சீடை விலை கொடுக்க வேண்டியதில்லை. நிறம் வெளிர்மஞ்சளைத் தாண்டக் கூடாது. உருண்டைச் சீடையைப் போல இது அவ்வளவாக வெடிக்காது; உருண்டைக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி வழி கிடைக்காமல் முட்டுவதால்தான் அது வெடிக்கிறது. வளையத்தின் மெல்லிய சுவரில் ஆவி சுலபமாக வெளியேறிவிடும்.

தேன்குழலுக்கும் நாலுக்கு ஒன்றுதான் பழைய கணக்கு: நாலு அரிசி, ஒரு வறுத்த உளுந்து. சீரகம், உப்பு, கொஞ்சம் வெண்ணெய். உளுந்து குறைந்தால் பல்லை உடைக்கும், வெண்ணெய் கூடினால் எண்ணெயிலேயே கரைந்து உதிரும். நல்ல தேன்குழலை உடைத்தால் உள்ளே குழல் இருக்க வேண்டும், பெயரே அதனால்தான். உடைந்த முனையில் சன்னமாகத் துளைகள் தெரிய வேண்டும். கெட்டியாக, மாவு அடைத்தமாதிரி இருந்தால் எண்ணெய் காயாமல் பிழிந்திருக்கிறார்கள்.

அடுத்தது மூக்கு. உடைத்த துண்டை முகர்ந்தால் கடலை எண்ணெய் வாசம் வரலாம், காறல் வாடை வரக் கூடாது. எத்தனை முறை காய்ந்த எண்ணெய் என்பது பலகாரத்தைவிட எண்ணெய்ச் சட்டியில் நன்றாகத் தெரியும்: புது எண்ணெயில் நுரை பெரிதாக எழும்பி உடனே அடங்கும், பழைய எண்ணெயில் சின்ன நுரை அடங்காமல் ஓரமாக நிற்கும், புகையும் சீக்கிரம் வரும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதிப்படி, திரும்பத் திரும்பக் காய்ந்து எண்ணெய் சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதை அளக்கும் கருவியைச் சின்னக் கூடத்தில் எதிர்பார்க்க முடியாது. இருக்கும் எண்ணெயோடு புதிது ஊற்றி ஊற்றி ஓட்டுகிறார்களா, சட்டியை ஒட்டக் காலிசெய்கிறார்களா என்று கேளுங்கள். நேர்மையான இடத்தில் பதில் தயங்காமல் வரும்.

மனகோலத்தில் கோளாறு எல்லாம் பாகில்தான். பாசிப்பருப்பு மாவு சேர்த்துப் பிழிந்து பொரித்ததை ஒடித்து, பொட்டுக்கடலை, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், ஏலக்காய் எல்லாம் சேர்த்து வெல்லப்பாகில் புரட்டுவார்கள். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். அதற்கு முந்தின பதத்தில் இறக்கினால் மூன்றாம் நாள் பிசுபிசுத்துக் கட்டியாகும். பதம் தாண்டினால் பாகு பூத்துப்போய்ப் பொட்டலத்தின் அடியில் வெல்லத்தூளாகக் கிடக்கும். பொட்டலத்தை லேசாகக் குலுக்குங்கள்: ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தால் வாங்கலாம், ஒரே கட்டியாக நகர்ந்தால் வேண்டாம்.

அதிரசத்துக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: மாவு என்றைக்குக் கிளறியது? ஊறிய பச்சரிசியைத் துணியில் பரப்பி, கையில் பிடித்தால் ஈரம் தெரிகிற நிலையில் இடித்துச் சலித்து, கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்ற அளவில் பாகு காய்ச்சி ஊற்றிக் கிளறுவார்கள். அந்த மாவு இரண்டு, மூன்று நாள் ஊற வேண்டும். ‘இன்னைக்குத்தான் கிளறினோம், சூடா இருக்கு’ என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் வாங்கினால் மறுநாள் அட்டையாகிவிடும். சட்டியிலிருந்து எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்தி எடுத்திருக்கிறார்களா என்பது காகிதத்தில் வைத்தால் தெரியும். மாவுருண்டைக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. வறுத்த பாசிப்பருப்பு மாவு, சர்க்கரை, சூடான நெய். நெய்க்குப் பதில் வனஸ்பதி என்றால் மேல்வாயில் மெழுகு ஒட்டினமாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இனி பொட்டலத்தில் அச்சடித்ததைப் படியுங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்க வேண்டும். அது 2இல் தொடங்கினால் சிறு தொழிலுக்கான பதிவு, 1இல் தொடங்கினால் உரிமம். பதிவு மட்டும் இருப்பது குறை ஆகாது. இந்தக் கூடங்கள் பெரும்பாலும் அந்த அளவுதான். ‘மேனுஃபாக்சர்ட் பை’ என்பதற்கு எதிரில் யார் பெயர், எந்த ஊர் முகவரி என்று பாருங்கள். ‘மார்க்கெட்டட் பை’ மட்டும் பெரிய எழுத்தில் இருந்து, தயாரித்தவர் பெயர் பொடி எழுத்தில் இருந்தால், இதே சீடையை அந்தப் பொடி எழுத்து முகவரிக்கு நேரே போய்க் குறைந்த விலைக்கு வாங்கலாம். சுட்டவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும்.

இந்தப் பெயர் விவகாரம் செட்டிநாட்டோடு முடிகிற ஒன்றில்லை. அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு மேல் விற்ற ‘ஆண்ட் ஜெமைமா’ பான்கேக் மாவின் அட்டையில் சிரித்த முகத்தோடு ஒரு கறுப்பினச் சமையல்காரம்மா இருப்பார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேஷத்தில் நின்று மாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் நான்சி கிரீன், கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். கம்பெனி அவருடையது இல்லை. 1923இல் இறந்தவருக்குக் கல்லறையில் பெயர்க்கல் வைத்தது 2020இல். மாவின் பெயரை மாற்றியது 2021இல். நியூ ஆர்லியன்ஸில் லீனா ரிச்சர்ட் என்ற கறுப்பினப் பெண் தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டார்: விருந்துச் சமையல், தன் பெயரில் சமையல் புத்தகம், உறையவைத்த சாப்பாட்டை வெளியூருக்கு அனுப்பும் தொழில், 1949இல் உள்ளூர்த் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி. 1937இல் அவர் சமையல் பள்ளி தொடங்கியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, படித்து வெளியே போகிறவர்கள் கூடுதல் கூலி கேட்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது.

அந்தக் காரணம் இங்கே அப்படியே பொருந்தும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் கூடத்தில், பாகு பதம் பார்க்கிறவருக்கும் பொட்டலம் ஒட்டுகிறவருக்கும் ஒரே கணக்கு ஆகிவிடுகிறது. பதம் பார்க்கிற அம்மா மகள் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் போனால் மனகோலம் அந்த மூன்று மாதமும் பிசுபிசுக்கும். போன தடவை நன்றாக இருந்தது, இந்தத் தடவை சரியில்லை என்று வாடிக்கையாளர் சொல்வதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். நாம் பார்த்தவரையில் ருசி மாறாத கூடங்கள் இரண்டு வகை: பதம் பார்க்கிறவரே முதலாளியாக இருப்பது, இல்லை பதத்துக்குத் தனிக் கூலி வைத்து இன்னொருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பழக்குவது.

பெயர் போட வேண்டாம் என்று சொல்கிற பெண்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1955–56இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்து, அதில் ஏறாமல் புறக்கணித்து 381 நாள் நடந்தபோது, ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மாவும் தோழிகளும் கோழி சாண்ட்விச், கேக், சர்க்கரைவள்ளி பை எல்லாம் செய்து விற்றுப் போராட்டத்துக்குப் பணம் கட்டினார்கள். குழுவின் பெயரே ‘எங்கிருந்துமில்லை’ என்ற பொருள்பட வைத்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அதுவே பதில். வாங்கினவருக்கும் சுட்டவருக்கும் வேலை போகாது. கில்மோர் நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சாட்சி சொன்னார், பார்த்துவந்த சமையல் வேலை போயிற்று. பிறகு சொந்த வீட்டு அடுப்படியே அவர் தொழிலிடம் ஆனது. தானாக மறைத்துக்கொள்ளும் பெயர் வேறு, அடுத்தவர் அழித்துவிடும் பெயர் வேறு.

ஆர்டர் கொடுப்பது பற்றி. சாதாரண நாளில் இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சீர் ஆர்டர் என்றால் எண்ணிக்கையில் பேசுங்கள், எடையில் பேசாதீர்கள்: 101 அதிரசம் என்றால் ஒன்றின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று 35 கிராம் என்றால் கிலோ அரிசி, முக்கால் கிலோ வெல்லத்தில் சுமார் 50 தேறும். கூரியரில் அனுப்பச் சொன்னால் சுட்டு ஆறின பிறகு கட்டச் சொல்லுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, வந்து சேரும்போது நமத்திருக்கும். தேன்குழலைத் தகர டின்னில் நிற்கவைத்து அடுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்தால் பாதி தூள். பனையோலைக் கொட்டானில் கேட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் காற்று போகும். உள்ளே தனிப் பை வேண்டும். இந்தக் கூடங்களின் பெரிய பலவீனம் பொட்டலம் கட்டும் விதம்தான். மெல்லிய பிளாஸ்டிக் பையை மெழுகுவர்த்தியில் ஒட்டித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவ்வளவு உழைத்த சீடைக்கு அது நியாயமில்லை.

கடைசியாக வெள்ளைப் பணியாரம். ஒரு ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டி, நிற்கிற அளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, உப்பு, துளி சர்க்கரை, கொஞ்சம் பால். புளிக்க வைப்பதில்லை. ஒரு கரண்டி மாவைக் காய்ந்த எண்ணெயில் நடுவே ஊற்றினால் தானாக எழும்பி, ஓரம் பூப்போல விரிய வேண்டும். மாவு கெட்டி என்றால் உருண்டையாக நிற்கும், நீர்த்தால் பரந்து தட்டையாகும், உளுந்து மிஞ்சினால் எண்ணெய் குடிக்கும். சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். ஒன்றொன்றாகத்தான் ஊற்ற முடியும் என்பதால் பத்துப் பேருக்குச் சுட அரை மணி நேரம் ஆகும். சில கூடங்களில் முன்னாலேயே சொல்லிவைத்தால் சாயங்காலம் சுட்டுத் தருவார்கள். போய் உட்கார்ந்து, வரமிளகாய்ச் சட்னியோடு சட்டியிலிருந்து வரவரச் சாப்பிடுங்கள். கால் மணி நேரம் போனால் வெறும் மெத்தைதான்.