வேலையை நிறுத்தத் தெரிந்த மேற்பார்வை: ஒரு துறைமுகச் சரக்குச் சேவை பற்றிய மதிப்புரை

சரக்கு ஏற்றி இறக்கும் பணியை மேற்பார்வை செய்து தருவதாகக் கூறும் நிறுவனங்கள் பல, ஷிஃப்டுக்கு ஒரு முறை டன் கணக்கை எழுதி அனுப்புவதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதுகின்றன. மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் எங்கள் மொத்தச் சரக்குகளுக்கு நாங்கள் அமர்த்திய நிறுவனம் அப்படிப்பட்டதன்று. ஆபத்து தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவும், அதற்கான காரணத்தை எழுத்தில் தரும் ஒழுங்கும் அதனிடம் இருக்கின்றன. அதன் தரத்தை நான் மதிப்பிடுவது முதன்மையாக இந்த ஒன்றைக் கொண்டுதான்.

கப்பல் தன் கட்டுமிடமான பெர்த்துக்கு வந்ததும், கப்பலில் சரக்குக்குப் பொறுப்பான சீஃப் ஆபீசரையும் ஏற்றி இறக்கும் தொழிலாளர்களை நடத்தும் ஸ்டீவடோர் ஃபோர்மேனையும் ஒன்றாக உட்காரவைத்து, எந்த ஹோல்டில் (சரக்கு அறையில்) எந்த வரிசையில் எவ்வளவு ஏற்றுவது, அதற்கேற்ப, கப்பலின் சமநிலைக்காகத் தொட்டிகளில் வைத்திருக்கும் பல்லாஸ்ட் நீரை எப்போது வெளியேற்றுவது என்பதை முதலில் முடிவு செய்கிறார்கள். துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 152ஆம் உடன்படிக்கை, கப்பலின் தூக்கு கருவிகளை ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையேனும் சோதிக்கவும், பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறையேனும் முழுமையாக ஆய்வு செய்யவும் கோருகிறது. இவர்கள் அந்தச் சான்றிதழ்களைப் பார்த்ததோடு விடாமல், சரக்கைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கின் கம்பிகளில் அறுந்த இழைகள் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள்.

அவர்களுடைய உண்மையான திறமை ஈரமான கனிமத் தூளைக் கையாண்டபோது வெளிப்பட்டது. நுண்துகள்களாலான தாதுவில் ஈரம் அனுமதிக்கப்பட்ட அளவைக் கடந்துவிட்டால், கடலில் கப்பல் ஆடும்போது துகள்களுக்கிடையே உள்ள இடைவெளி சுருங்கி, நீரின் அழுத்தம் உயர்ந்து, குவியல் முழுவதும் சேறுபோல இளகி ஒரு பக்கமாக ஓடிவிடும். அப்படிச் சாய்ந்த கப்பல் நிமிர நேரம் கிடைக்காமலே கவிழ்ந்துவிடலாம். திட மொத்தச் சரக்குகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2011 முதல் கட்டாயமாக்கப்பட்டிருப்பதற்கு இத்தகைய ஆபத்துகளே காரணம். ஈரப்பதச் சோதனைக்கும் ஏற்றுதலுக்கும் இடையே ஏழு நாள்களுக்கு மேல் ஆகக் கூடாது என்பதும் அதிலுள்ள விதி. இடையில் கணிசமான மழை பெய்திருந்தால் மறுபடி சோதிக்க வேண்டும். எங்கள் குவியல் மழையில் நனைந்திருந்தது. மேற்பார்வையாளர் ஒரு சிறு டப்பாவைப் பாதி நிரப்பி, சுமார் இருபது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கடினமான தரையில் இருபத்தைந்து முறை தட்டிப் பார்த்தார். மேற்பரப்பில் ஈரம் தெரியவில்லை என்றாலும், இந்தச் சோதனையில் தேறியதால் மட்டும் சரக்கு பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது என்று கூறி, ஆய்வுக்கூட முடிவு வரும்வரை ஏற்றுதலை நிறுத்திவைத்தார். தாமதத்தால் எங்களுக்குச் செலவு ஏற்பட்டது உண்மை. ஆனால் அந்தச் செலவை நான் முழு மனதோடு ஏற்கிறேன், ஏனெனில் அந்தக் கப்பலில் மாலுமிகள் இருந்தார்கள்.

நிலக்கரியோ மரக்கட்டையோ நிரம்பிய ஹோல்டுக்குள் ஆக்சிஜன் குறைந்துபோயிருக்கக்கூடும் என்பதால், அளவிட்டுப் பார்க்காமல் ஏணியில் யாரையும் இறங்கவிடாததும் பாராட்டுக்குரியது.

வேகத்தைப் பொறுத்தவரை, கிரேன் நின்ற ஒவ்வொரு நேரத்தையும் காரணத்தோடு குறித்துவைத்தது பெரிதும் உதவியது. லாரிகள் வராததால் நின்றதா, மழையால் ஹோல்டின் வாயான ஹேட்ச் மூடப்பட்டதா, கப்பலின் கிரேன் பழுதானதா என்பது தெளிவாக இருந்ததால், கப்பலைக் குறித்த நேரத்துக்கு மேல் நிறுத்தியதற்கான டெமரேஜ் கட்டணக் கணக்கில் வாக்குவாதத்துக்கே இடமிருக்கவில்லை. கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழத்தைக் கொண்டு சரக்கின் எடையைக் கணக்கிடும் டிராஃப்ட் சர்வேயில் முன்புறம், நடு, பின்புறம் என இரு பக்கங்களிலும் ஆறு அளவுகளையும் படகில் சென்று நேரில் எடுத்து, கடல்நீரின் அடர்த்தியையும் பல்லாஸ்ட் தொட்டிகளையும் தாமே அளந்தார்கள்.

குறைகளும் உண்டு. இரவு ஷிஃப்ட் மாறும்போது தகவல் சரியாகக் கைமாறுவதில்லை. முந்தையவர் எச்சரித்த சேதமடைந்த கிராப் (சரக்கை அள்ளும் கிரேன் வாளி) ஒன்றை அடுத்தவர் அறியாமலே அனுமதித்ததை எங்கள் ஆள்தான் கவனித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பகலில் அத்தனை கறாராக இருப்பவர்களிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. எஃகுச் சுருள்கள் நகராமல் இறுக்கிக் கட்டும் லேஷிங்கைச் சரிபார்ப்பதிலும் மொத்தச் சரக்கில் காட்டும் நுணுக்கம் தென்படவில்லை. இறுதி அறிக்கையும் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

தாது, நிலக்கரி, தானியம் ஆகியவற்றை அனுப்புவோருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எஃகுச் சரக்குக்கு லேஷிங் தெரிந்த தனி சர்வேயர் ஒருவரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வேலையை நிறுத்தும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு உண்டு என்பதையும், ஷிஃப்ட் மாற்றத்தின்போது எழுத்துக் குறிப்பு கட்டாயம் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.