குளிசை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்: இணுவிலில் ஆறு வாரம்

எங்கள் பெரிய சூட்கேஸ் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எங்களோடு வந்து இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் இணுவில் வீட்டு வாசலுக்கு வந்தது. உள்ளே பிள்ளைகளின் உடுப்பு, மாமிக்கு வாங்கிய சொக்கிலேற், அதோடு என்னுடைய கர்ப்பத்தடைக் குளிசை.

வியாழன் இரவு ரொறன்ரோவில் விமானம் ஏறினோம். என் குளிசை மூன்று வாரம் போட்டு ஒரு வாரம் இடைவெளி விடுகிற வகை. அந்த ஏழு நாள் இடைவெளி முடிந்து புதுக் குளிசைப் பட்டையைத் தொடங்க வேண்டிய இரவும் அதுதான். குளிசையைக் கைப்பையில் வைக்காமல் சூட்கேஸில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை வந்து சேர்ந்தோம், சூட்கேஸ் திங்கள் வந்தது. அன்று இரவுதான் முதல் குளிசை போட்டேன். ஏழு நாளாக இருக்க வேண்டிய இடைவெளி 11 நாளாகிவிட்டது. நடுவில் யாழ்ப்பாணத்தில் எந்தப் பார்மசிக்குப் போயிருந்தாலும் வாங்கியிருக்கலாம். கூட வந்தது மாமியின் மகன். அவனை ஓட்டோவில் இருத்திவிட்டு அதைக் கேட்டு வாங்க வாய் வரவில்லை. நாலு நாள்தானே என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் நாங்கள் வேறு பாதுகாப்பும் எடுக்கவில்லை.

இதை இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டுமா என்று இவர் கேட்டார். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று எத்தனையோ பேர் இதே மாதிரிச் சூட்கேஸோடு ஊருக்குப் போகிறோம்.

மூன்றாவது வாரம் தொடங்கியது. காலையில் மாமி தாளிக்கும் வெங்காய வாசம் முற்றத்துக்கு வந்தால் எனக்கு வயிறு பிரட்டும். மார்பு நோவு, மத்தியானத்தில் எழும்ப முடியாத களைப்பு, இரவில் இரண்டு மூன்று தரம் சலத்துக்கு எழும்புவது. வாயில் ஏதோ இரும்பை வைத்த மாதிரி ஒரு ருசி. "பித்தம் கூடிட்டுது பிள்ளை, வெயில் ஒத்துக்கேல்லை" என்று மாமி மல்லித்தண்ணி வைத்துத் தந்தா. அதற்கு முதல் வாரம் ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சத்தி எடுத்திருந்ததால் வீட்டில் எல்லாரும் அந்தச் சாப்பாட்டையே குற்றம் சொன்னார்கள். நானும்தான். குளிசையே சிலருக்குக் குமட்டலும் மார்பு நோவும் தலையிடியும் தரும். அதனால் இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து எது குளிசையால் வந்தது, எது கருவால் வந்தது என்று பிரிக்க ஒருவராலும் முடியாது.

டவுனில் ஒரு தனியார் இடத்தில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டிப் பதிந்து, டொக்டரைப் பார்த்தோம். நம்பர் துண்டு எடுத்து இரண்டரை மணித்தியாலம் இருந்தோம். உள்ளே நாலு நிமிடம். டொக்டர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கத்தான் செய்தார்: "பிரெக்னன்ட் இல்லைத்தானே?" "இல்லை டொக்டர், குளிசை எடுக்கிறன்" என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. இரைப்பை அழற்சிக்கென்று இரண்டு வகை மருந்து எழுதித் தந்தார். வெளியே அவ்வளவு சனம் காத்திருக்கும்போது அவர் மேற்கொண்டு துருவவில்லை. ஆனால் "குளிசை எடுக்கிறேன்" என்ற பதிலை முடிந்த பதிலாக எடுத்தது பிழை. அதை அப்படிச் சொன்ன என்னிலும் பிழை இருக்கிறது. நான் எடுக்கிற மாதிரி இரண்டு ஹோர்மோன் சேர்ந்த கலப்புக் குளிசையைத் தவறாமல் எடுத்தால் வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கரு தங்கும். மறதி, பயணம், சத்தி எல்லாம் சேர்ந்த நடைமுறை வாழ்க்கையில் அது 100 பேரில் 7 பேர் அளவு. நான் பதில் சொன்னது முதல் கணக்கை நம்பி. வாழ்ந்தது இரண்டாவது கணக்கில்.

மனம் கேட்காமல் அன்று பின்னேரமே ஒரு பார்மசியில் கர்ப்பப் பரிசோதனைப் பெட்டி வாங்கினேன். கண்ணாடிக்குள் மிதுரி என்ற கர்ப்பத்தடைக் குளிசைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அங்கே நின்ற பிள்ளை ஒன்றும் கேட்காமல் ஒரு மண்ணிறக் கடதாசி உறைக்குள் வைத்துத் தந்தது. அந்தக் கண்ணியத்துக்கு நன்றி. விலை சில நூறு ரூபாதான். பெட்டியில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன, தமிழ் இல்லை. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். மருதனார்மடத்துச் சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு அக்கா இதை வாங்கினால் என்ன செய்வா என்று கவலையாக இருந்தது. வெயிலுக்கு மூன்று இளநீர் குடித்த கையோடு, பின்னேரம் ஐந்து மணிக்குச் சோதித்தேன். ஒரே ஒரு கோடு. இல்லை என்று நிம்மதியாகிவிட்டேன்.

பட்டை முடிந்த மூன்றாம் நாள் கொஞ்சம் மண்ணிறமாகப் பட்டது. சரி, வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வந்தால் நல்லூருக்குப் போக முடியாதே. எல்லாரும் திருவிழாவுக்கு வெளிக்கிட, நானும், ஐந்து மாதக் குழந்தையோடு மச்சாளும் வீட்டில் நின்றோம். குழந்தையைப் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் வந்தா. மிட்வைப் அக்கா என்றுதான் அங்கே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஒரு பெரிய பை. குழந்தையின் நிறையைப் பார்த்துப் பதிந்து முடித்து, மச்சாளோடு கதைத்துக்கொண்டிருந்தவ, நான் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியதைக் கண்டுவிட்டா.

"தங்கச்சி, இருங்கோ. உங்களுக்கு எப்ப கடைசியா வந்தது?"

"இப்பதான் அக்கா வந்திருக்கு. கோயிலுக்கும் போகேல்லை."

"எவ்வளவு படுது? பாட் மாத்த வேண்டி வருதோ?"

"இல்லை. துடைச்சால் போற அளவு."

பேனையைக் கீழே வைத்தா. பிறகு வரிசையாகக் கேட்டா. என்ன குளிசை, எப்போது தொடங்கினது, எத்தனை நாள் விட்டது, விட்டது பட்டையின் தொடக்கத்திலா நடுவிலா, சத்தி எடுத்தது குளிசை போட்டு எத்தனை மணித்தியாலத்தால், காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து ஏதும் எடுக்கிறேனோ, கனடாவில் விற்கும் மூலிகைக் குளிசை ஏதும் உண்டோ. பல்லுக்கு அமொக்சிசிலின் எடுத்ததைச் சொன்னேன். சாதாரண அன்டிபயோடிக் பரவாயில்லையாம், வயிற்றோட்டமோ சத்தியோ வராத வரைக்கும். காசநோய்க்குத் தரும் ரிபம்பிசின், வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், பெனிற்றோயின், மனச்சோர்வுக்கென்று பலர் தாங்களாகவே வாங்கும் சென்ட் ஜோன்ஸ் வோர்ட் இவைதான் ஹோர்மோனை உடம்பில் கெதியாகக் கரைத்துக் குளிசையின் வலுவைக் குறைப்பவை.

அந்த மனுசி எனக்கு விளங்கப்படுத்தியதை 15 வருடமாக இந்தக் குளிசையை எடுக்கிற எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஏழு நாள் இடைவெளியில் சூலகம் மெல்ல முழிக்கத் தொடங்கும், புதுப் பட்டையின் முதல் குளிசைகள்தான் அதைத் திரும்ப நித்திரையாக்கும். அதனால் பட்டையின் நடுவில் ஒன்றை மறப்பதைவிடத் தொடக்கத்தில் பிந்துவதுதான் மோசம். என் கதையில் அந்த இடைவெளி 11 நாள். குளிசை போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டுப்போனால் கடைசியாக விட்டதை உடனே போட்டு, தொடர்ந்து ஏழு நாள் கொண்டம் பாவிக்க வேண்டும். அது பட்டையின் முதல் வாரம் என்றால், 72 மணித்தியாலத்துக்குள் எடுக்கும் அவசரக் கர்ப்பத்தடைக் குளிசை தேவையா என்றும் கேட்க வேண்டும். தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருக்கலைப்பு இலங்கையில் சட்டப்படி குற்றம். ஆகவே சந்தேகத்தை அந்த மூன்று நாளுக்குள் கேட்டுத் தீர்ப்பது அங்கே இன்னும் முக்கியம்.

"அப்ப இந்த ரத்தம்?" என்றேன்.

"குளிசைக்காரருக்கு வாற ரத்தம் மாதவிடாய் இல்லைத் தங்கச்சி. ஹோர்மோனை நிப்பாட்டினதால வாற கசிவு. அது வந்தாப்போல பிள்ளை இல்லை எண்டும் இல்லை, வராட்டிப் பிள்ளை எண்டும் இல்லை. வழமையா எவ்வளவு படும், இப்ப எவ்வளவு படுது, அதைப் பாருங்கோ."

எனக்கு வழமையாக நாலு நாள் படும்.

பரிசோதனையைப் பற்றியும் கேட்டா. குளிசையில் இருக்கும் ஹோர்மோன் பரிசோதனையைக் குழப்பாது, அது தேடுவது கரு பதிந்த பிறகு உண்டாகும் வேறு ஹோர்மோனை. நான் பிழைவிட்டது நேரத்தில். இளநீர் குடித்துவிட்டுப் பின்னேரம் பார்த்தால் சலம் ஐதாகிவிடும். காலையில் எழும்பிய உடனே வரும் முதல் சலத்தில் பார்க்க வேண்டும், சந்தேகமான நாளில் இருந்து 21 நாள் கழிந்திருந்தால் அந்தப் பதிலை நம்பலாம். பெட்டியில் சொன்ன நிமிடத்துக்குள் வாசிக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக வந்தாலும் கோடு கோடுதான். கணக்குப் பார்த்தா, எனக்கு 21 நாள் சரி.

அடுத்த நாள் விடிய, ஆட்கள் எழும்ப முதல், கிணற்றடிக்குப் பக்கத்துக் குளியலறையில் பார்த்தேன். அரைச் சதுர அங்குல வெள்ளைக்குள் முதல் கோடு கடும் சிவப்பாக ஏறியது. அதற்குப் பக்கத்தில், பழைய சேலைக் கரை வெளிறின மாதிரி, இரண்டாவது. வேப்பமரத்தில் காகம் கத்திக்கொண்டிருந்தது. இவரை எழுப்பிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். இரண்டு பிள்ளைகளோடு போதும் என்று முடிவெடுத்திருந்தவர்கள் நாங்கள். அந்தக் கால் மணித்தியாலத்தில் அந்த முடிவு மாறியது.

குளிசையை அன்றே நிறுத்தினேன். தெரியாமல் எடுத்த குளிசைகள் பிள்ளைக்குக் குறை ஏற்படுத்தியிருக்குமோ என்பதுதான் என் பெரிய பயம். தொடக்கத்தில் தெரியாமல் எடுத்ததால் பிறவிக் குறை கூடியதாக ஆய்வுகளில் காணப்படவில்லை என்று மிட்வைப் அக்கா தொலைபேசியில் சொன்னா, பிறகு ஸ்கான் பார்த்த டொக்டரும் அதையே சொன்னார். போலிக் அசிட் உடனே தொடங்கச் சொன்னார்கள். நாளுக்கு 400 மைக்ரோகிராம்தான் பொதுவான அளவு. நீரிழிவு, வலிப்பு போன்றவை உள்ளவர்களுக்கு டொக்டர் கூட்டித் தருவார். ஒரு பக்க அடிவயிற்றில் குத்து, தோள் நுனியில் நோ, தலைச்சுற்றி விழுவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்கச் சொன்னா. கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அப்படித்தான் காட்டுமாம். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

ஸ்கானுக்குப் பத்து நாள் பொறுத்துத்தான் போனோம். குளிசைக் கசிவை வைத்து நாள் கணிக்க முடியாது, அதனால் ஸ்கான்தான் கணக்கு. மானிப்பாய் வழியாகப் போகும்போது கிறீன் ஆஸ்பத்திரியைக் கடந்தோம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்த இடம் அது. பள்ளிக்கூடத்தில் படித்த செய்திதான், ஆனால் அன்று வேறு மாதிரிக் கேட்டது. ரொறன்ரோவில் என் குடும்ப டொக்டர் நல்லவர். ஆனாலும் "துடைச்சால் போற அளவு" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைச் சொல்ல முடிந்ததால்தான் என் நிலை பிடிபட்டது.

ஸ்கான் அறை சின்னது, குளிர். இங்கேயும் காசு கட்டி, நம்பர் எடுத்து, காத்திருந்தோம். ஆனால் இந்த டொக்டர் திரையை என் பக்கம் திருப்பி, பயற்றம் விதை அளவில் ஒன்றைக் காட்டி, அது துடிப்பதையும் காட்டினார். ஆறரை வாரம்.

நாங்கள் வெளிக்கிட முதல் நாள் மிட்வைப் அக்கா வந்தா. ஸ்கான் கடதாசியை வாங்கிப் பார்த்தா, போலிக் அசிட் பயணத்துக்குக் காணுமா என்று கேட்டா. விமானத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி நட, தண்ணி குடி என்றா. கனடாவில் எத்தனையாம் வாரத்தில் பதிவார்கள் என்று விசாரித்தா. இங்கே எட்டு வாரத்துக்குள் பதிவிப்பதற்காகத்தான் அவ வீடு வீடாக ஏறி இறங்குகிறாவாம். கோப்பி குடித்துவிட்டுப் போங்கோ என்று மாமி மறித்தா. அடுத்த ஒழுங்கையில் ஒரு பிள்ளை மூன்று நாளாகச் சத்தி எடுக்குதாம், புருசன் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறானாம் என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டியைத் திருப்பினா.