பாலைவனத் தங்கல்: ராஸ் அல் கைமா வில்லாவா, ஜெய்சல்மேர் கூடாரமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கணக்குப் போட்டால் ராஜஸ்தானைவிட அரபுப் பாலைவனம்தான் எங்களுக்குப் பக்கம். வேலந்தாவளம் வழியாகக் கோவை விமான நிலையம், அங்கிருந்து ஷார்ஜாவுக்கு நேராக நாலு மணி நேரம், அப்புறம் காரில் ஒரு மணி நேரம் போனால் அதே அமீரகத்தின் ராஸ் அல் கைமா மணற்காடு வந்துவிடும். ஜெய்சல்மேர் என்றால் டில்லியிலோ மும்பையிலோ விமானம் மாற வேண்டும். இல்லையென்றால் ஜோத்பூரில் இறங்கி ஏறக்குறைய 280 கிலோமீட்டர் சாலை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வீட்டில் பட்டிமன்றம் நடந்தது. அண்ணன் ஷார்ஜாவில் இருப்பதால் வில்லா ஜெயித்தது. ஜெய்சல்மேருக்கு நான் கல்லூரி முடித்த கையோடு தோழிகளுடன் போனதுதான். அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

பருவம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்: அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. கேரளப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஓண விடுமுறையும் கோடை விடுமுறையும் உதவாது. மிச்சம் கிறிஸ்துமஸ் லீவுதான், அப்போது இரண்டு ஊரிலும் வாடகை உச்சியில் நிற்கும். ஜெய்சல்மேரில் கூடார முகாம்கள் பலவும் ஏப்ரலோடு மூடிவிடும். அமீரக வில்லாக்கள் கோடையிலும் திறந்திருக்கும், வாடகையும் நன்றாக இறங்கும். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது ஏசி அறைக்கும் குளத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பதற்கு மணல் எதற்கு?

மணல் என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் அலை அலையாக எதிர்பார்ப்பவர்களுக்கு இரண்டு இடமும் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஜெய்சல்மேரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாம் மணல்மேடுகள் அழகு, ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும்; தார் பாலைவனத்தின் பெரும்பகுதி முள்ளும் புதருமான காடு. ராஸ் அல் கைமாவிலும் மேடுகள் தாழ்வானவை, தூரத்தில் ஹஜர் மலை தெரியும். உண்மையான மணற்கடல் வேண்டுமென்றால் அபுதாபியிலிருந்து தெற்கே லிவா பக்கம் போக வேண்டும். ரப் அல் காலி என்ற பெரும் பாலைவனத்தின் விளிம்பு அது. அண்ணனும் அண்ணியும் அங்கே போய் வந்தார்கள். மணல் அபாரம், போகிற வழிதான் முடியவில்லை என்றார்கள்.

எங்கள் வில்லாவின் குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் நின்றது. அப்பா ஓர் இணுக்கை ஒடித்து முகர்ந்துவிட்டு, "இது நம்ம கோயில் வன்னியல்லவா?" என்றார். அதேதான். அமீரகத்தின் தேசிய மரம், ராஜஸ்தானின் மாநில மரம், நம் ஊரில் தல விருட்சம், மூன்றும் ஒரே இனம். அதன் நிழலில்தான் சாயங்காலம் ஓரிக்ஸ் மான்கள் வந்து நிற்கும். 1972-இல் காட்டில் அடியோடு அழிந்துபோன விலங்கு; உயிர்க்காட்சிச் சாலைகளில் பெருக்கித் திரும்ப விட்டிருக்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் அதைப் பார்ப்பது ஜெய்சல்மேரில் கிடைக்காது. அங்கே கானமயில் என்ற அரிய பறவையைத் தேடிப் போகலாம், கண்ணில் படுவது அதிர்ஷ்டம்.

சரி, இதெல்லாம் மேல்பூச்சு. முடிவு செய்ய வேண்டியது ஒரே விஷயத்தை வைத்து: வாடகைக்குள் சாப்பாடு அடங்குமா?

ஊருக்குள் இருக்கும் ஹோட்டலில் இந்தக் கேள்விக்கு மதிப்பில்லை. கீழே இறங்கினால் ஒரு சேட்டன் கடை இருக்கும். பாலைவன வில்லாவில் வாசலைத் தாண்டினால் மணல்தான். காபியிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை அவர்கள் சொல்வதுதான் விலை. அறைக்கு வரவழைக்கும் மெனுவில் ஒரு கிண்ணம் தால், இரண்டு ரொட்டி 95 திர்ஹம் என்று பார்த்ததும் அம்மா மெனுவை மூடி வைத்துவிட்டார். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று எழுதியே வைத்திருந்தார்கள். அண்ணி கட்டிக் கொடுத்த புளியோதரை அம்மாவின் கைப்பைக்குள் இருந்ததால் தப்பியது.

வில்லாக்கள் மூன்று விதமாக விலை சொல்கின்றன. காலை உணவு மட்டும் சேர்ந்தது பார்க்க மலிவு. நாலு பெரியவர்களின் மதியத்தையும் இரவையும் கூட்டிப் பாருங்கள், அந்த மலிவு மாயமாகிவிடும். ஹாஃப் போர்டு என்றால் காலையும் இரவும். நாங்கள் எடுத்தது இதுதான். இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. எந்த உணவகத்தில் சாப்பிடலாம், மெனு முழுவதுமா அல்லது குறிப்பிட்ட தொகை வரையா, மேசையில் வைக்கும் தண்ணீர் சேர்த்தியா? எங்களுக்குத் தண்ணீர் தனி பில். மதுவும் எப்போதும் தனிதான். சித்தூர் தாலுகாக் கள்ளுக்கடை விலை தெரிந்த அப்பாவிடம் அங்கே ஒரு பீர் என்ன விலை என்று நாங்கள் சொல்லவே இல்லை. மூன்றாவது ஃபுல் போர்டு. துபாய் பாலைவனக் காப்பகத்துக்குள் இருக்கும் அல் மஹா போன்ற இடங்கள் மூன்று வேளை உணவையும் பாலைவனச் சுற்றுகளையும் வாடகைக்குள்ளேயே வைக்கின்றன. முதல் பார்வைக்கு மயக்கம் வரும் விலை. ஆனால் ஒட்டகச் சவாரி, ஜீப், மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கூட்டினால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

விளம்பர விலையின் ஓரத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அதையும் கவனியுங்கள். துபாயில் அந்த இரண்டு குறிக்குள் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 7 சதவீதம் நகராட்சிக் கட்டணம், 5 சதவீதம் வாட் மூன்றும் ஒளிந்திருக்கும். ஐந்து நட்சத்திர விடுதியென்றால் ஒரு படுக்கையறைக்கு ஓர் இரவுக்கு 20 திர்ஹம் சுற்றுலாக் கட்டணம் வேறு. இரண்டு படுக்கையறை வில்லாவுக்கு அது இரட்டிப்பு.

இந்த இடத்தில் ஜெய்சல்மேர் நேர்மையாகவே நிற்கிறது. கூடார முகாம்களில் மாலைத் தேநீர், ஒட்டகச் சவாரி, கால்பேலியா நடனம், இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம் எல்லாம் பெரும்பாலும் ஒரே தொகைக்குள் வந்துவிடும். கேர் சாங்கிரி என்ற பாலைவனக் காய்க் கறி, கம்பு ரொட்டி, பருப்போடு சுட்ட உருண்டை ரொட்டியான தால் பாட்டி என்று சைவம்தான் முதல் வரிசை; அம்மா மாதிரி ஆட்களுக்கு மெனுவைத் துருவ வேண்டிய வேலையே இல்லை. வரியும் நேர்கோடு: அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கோட்டை மாதிரி கட்டிய ஆடம்பர விடுதிகளும் அங்கே உண்டு. நான் தங்கியது கூடாரத்தில் மட்டும் என்பதால் அவற்றுக்கு மதிப்பெண் போட மாட்டேன்.

அப்படியும் நான் வில்லா பக்கம் சாய்வதற்குக் காரணம் அப்பாவின் முழங்கால். வாசலுக்கே பேட்டரி வண்டி வரும், குளியலறையில் பிடிமானம் இருந்தது, மணலில் கால் வைக்காமலே மணலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். பேச்சுக்கும் பஞ்சமில்லை. வண்டி ஓட்டியவர் திருச்சூர்க்காரர், இரவு உணவகத்தில் பரிமாறியவர் ஒற்றப்பாலம். அம்மாவின் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அங்கே ராஜபாட்டையில் போனது. மெனுவில் இல்லாத தயிர்சாதம் இரண்டாம் நாள் மேசைக்கு வந்தது அந்தப் பேச்சால்தான். ஜெய்சல்மேரில் இந்தி தெரியாமல் இது நடக்காது. அப்பா மட்டும், "தோப்புக்கு நடுவுல ஒரு சாளை போட்டாலும் இதே அமைதிதானே?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் என் கணக்கு மாறும். இந்த வகை வில்லா விடுதிகளில் சிலவற்றில் வயது வரம்பு உண்டு. வரம்பு இல்லாத இடத்திலும் கட்டிலிலிருந்து பத்தடியில் வேலியில்லாத குளம் இருக்கும். ராத்திரி தூக்கம் வராது. தங்கைக்கு இரண்டு வாண்டுகள் என்பதால் அவள் ஜெய்சல்மேருக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். சாம் பக்கம் முகாமுக்கு முகாம் டி.ஜே. போட்டி நடக்கும். அதனால் குரி கிராமத்துப் பக்கம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஜனவரி என்றால் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் இரண்டு அடுக்காக வேண்டும்; கூடாரத் துணிக்கு அந்த ஊர்க் குளிர் அடங்காது.