தவறணை, ஏசி பார், மொட்டைமாடி: யாழ்ப்பாணத்தில் ஒரு பின்னேரத்துக்கு எது?

யாழ்ப்பாணத்தில் பெரிய எழுத்தில், வெளிச்சம் போட்டு ‘பார்’ என்று எழுதியிருந்தால் அது ஐஸ்கிரீம் கடை. கூல்பார். நல்லூருக்குப் போய்விட்டு வருகிற குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு இறங்குகிற இடம். குடிக்கிற பார் வேறு. அதற்குப் பலகை சின்னது, வாசல் பக்கவாட்டில் இருக்கும், கண்ணாடிக் கதவில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும்.

வெள்ளவத்தையிலிருந்து வந்த மச்சானுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்து, வீடுகளில் மீன் இறைச்சி சமைக்கிற மச்சச்சட்டி திரும்ப அடுப்பில் ஏறி இரண்டு கிழமையில் தங்கச்சியோடு வந்திறங்கினான். திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளுக்குள் வந்திருந்தால் குடிக்கிற பேச்சே இல்லை. சரியாகத்தான் கணக்குப் பார்த்து வந்தான், ஆனால் வந்த அன்றைக்குப் போயா. பௌர்ணமி நாளில் இலங்கை முழுக்க மது விற்பனைக்குத் தடை. அது பாருக்கும் ஒன்று, போத்தல் விற்கிற வைன்ஸ்டோருக்கும் ஒன்று, தவறணை என்கிற கள்ளுக்கடைக்கும் ஒன்று. முதல் நாள் மாமி தந்த பால்தேத்தண்ணியோடு கழிந்தது. அடுத்த மூன்று பின்னேரமும் அவனைக் கூட்டிக்கொண்டு திரிந்ததில் வந்த கணக்குத்தான் இது.

எடுத்தவுடன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் பாரை ஒப்பிடுகிறவர்கள் என்ன குடிக்கக் கிடைக்கும், என்ன விலை என்று பார்ப்பார்கள். இங்கே முதல் கேள்வி, உள்ளே போகும்போது யார் காண்பார்கள் என்பது. ஒவ்வொரு இடமும் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மாதிரிப் பதில் சொல்கிறது. மேசை, லைற், வாசல் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமைந்திருக்கின்றன.

ஏசி பாரின் பதில் இருட்டு. நாங்கள் போனது ரவுணில் ஒரு இடம். பெயர் வேண்டாம், ஏனென்று பிறகு தெரியும். வெளியே நாலரை மணி வெயில் கொளுத்துகிறது, உள்ளே இரவு பதினொரு மணி. யன்னல் இல்லை. நீல லைற் ஒன்று. பலகை அடித்துப் பிரித்த கபின்கள். அதற்குள் இருந்தால் பக்கத்துக் கபினில் உங்கள் சொந்தப் பெரியப்பா இருந்தாலும் தெரியாது, அவருக்கும் உங்களைத் தெரியாது. இருவருக்கும் வசதி. லயன் லாகர் பியர் பெரிய போத்தல், 625 மில்லி, பனிக்கட்டி மாதிரிக் குளிராக வந்தது. இந்த ஊர் வெக்கையில் அதை யாரும் குறை சொல்ல முடியாது. சாராயம் குடிக்கிறவர்கள் காலோ அரையோ எடுத்து, சோடாவோடு மணிக்கணக்காக இழுக்கிறார்கள். கணவாய் டெவல் நன்றாக இருந்தது, கணவாய் அன்றைய கணவாய். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் அதுகூட இல்லாவிட்டால் என்ன பார்?

பிழை பில்லில். நாங்கள் கேட்காத கச்சான் ஒரு தட்டும் மிக்சர் ஒரு தட்டும் மேசைக்கு வந்தன. கடை தருகிறது என்று நினைத்துக் கொறித்தோம். பில்லில் இரண்டும் இருந்தன. கேட்டதற்கு, “அண்ணை, சாப்பிட்டனீங்கள்தானே?” என்றான் பெடியன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இருட்டில் இன்னொரு சங்கடம், பில்லை வாசிக்கக் கைத்தொலைபேசி வெளிச்சம் வேண்டும். அதைப் பிடித்தால் பக்கத்துக் கபின்காரர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்புகிறார்கள்.

மொட்டைமாடியின் பதில் நேர் எதிர். நட்சத்திர விடுதியின் உச்சிக்கு லிப்ற்றில் போகிறீர்கள். உங்களைக் காண்கிறவர்கள் வெள்ளைக்காரர்களும் விடுமுறைக்கு வந்த கனடாக்காரர்களும். அவர்கள் மாமியிடம் போய்ச் சொல்லப் போவதில்லை. போர் முடிந்தபின் பெரிய விடுதிகள் வந்ததோடு வந்த வழக்கம் இது. அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் யாராவது உயரத்தில் இருந்துகொண்டு ஆறுதலாக ஒரு கிளாசைப் பிடித்திருந்தார்களா என்பது எனக்குச் சந்தேகம். பண்ணைப் பக்கம் கடல்நீரேரியில் பொழுது படுகிற நேரம் அங்கே இருந்தால், காசு கொடுத்தது குளிர்பானத்துக்கு இல்லை, இதற்குத்தான் என்று விளங்கும். கோட்டை, நூலகத்தின் வெள்ளைக் குவிமாடம், ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே எழும்பி நிற்கிற பனைகள் எல்லாம் காலடியில் கிடக்கும். காற்றும் உண்டு. ஆனால் பனையைப் பார்க்கலாமே தவிர, அதிலிருந்து இறங்கியது அன்று அங்கே இல்லை. மெனுவில் இருந்த கலவைகள் எல்லாம் கொழும்பிலும் கிடைப்பவை. பில்லில் சேவைக்கட்டணம் பத்து வீதம், அதற்கு மேல் 2024 தொடக்கம் பதினெட்டு வீதமாகிவிட்ட வற் வரி. இரண்டு பியருக்குக் கொடுத்த காசில் அடுத்த நாள் தவறணையில் நாங்கள் இரண்டு பேரும் குடித்தோம், மிச்சத்தில் மீனும் வாங்கினோம்.

வைன்ஸ்டோரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கம்பிக்கூட்டுக்குப் பின்னால் ஒருவர் நிற்பார், காசை நீட்டினால் பேப்பரில் சுற்றிய போத்தல் வரும். பிறகு எங்கே குடிப்பது என்பது உங்கள் பாடு. சிலருக்கு மதகடி, சிலருக்குத் தோட்டத்துக் கிணற்றுக்கட்டு. ஒரே ஒரு காரணத்துக்காக அதைப் பட்டியலில் வைத்திருக்கிறேன்: வடமராட்சித் திக்கம் வடிசாலையின் பெயரைச் சொல்லி வளர்ந்த பனைச் சாராயம். அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தென்னைச் சாராயத்தில் பழகிய நாக்குக்கு அது முரட்டுச் சாமான். மூடியைத் திறந்தவுடனேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். மச்சான் ஒரு மிடறோடு காணும் என்றுவிட்டான்.

அப்புறம் தவறணை.

சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அவர்களுடைய ‘தவெர்னா’ எங்கள் வாயில் தவறணை ஆயிற்று. அவர்கள் வருமுன்னரும் மக்கள் குடித்தார்கள், ஆனால் பனையடியில். சீவுகிறவர் மரத்தால் இறங்கி வர, ஓலையைக் கோலிக் கட்டிய பிளாவில் வாங்கி, குந்தியிருந்து குடிப்பது. அந்தக் குடியில் ஒரு வெட்கங்கெட்ட கணக்கும் இருந்தது. அவர் சீவிய கள்ளு ஆருக்கும் தீட்டில்லை, அவர் முற்றத்துக்குள் வந்தால் மட்டும் தீட்டு. இன்று சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சேர்த்துத் தங்கள் தவறணைகளில் விற்கின்றன. குடிக்கிறவர்தான் அவர்களிடத்துக்குப் போக வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நாங்கள் போனது கொக்குவில் பக்கம். தகரக் கூரை, அரைச்சுவர், சீமெந்து வாங்குகள், ஒரு பக்கம் கிடுகு. கதவென்று ஒன்று இல்லை. றோட்டால் போகிற எல்லாருக்கும் நீங்கள் தெரிவீர்கள். இது என்ன பதில் என்று மச்சான் கேட்டான். எனக்குத் தெரிந்தவரை, ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்காகக் கட்டிய இடம் அது. கூலி வேலை முடிந்து வந்த மேசன்மார், மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு இருக்கிற தோட்டக்காரர், பென்சனில் இருக்கிற வாத்தியார் ஒருவர். வாத்தியாருக்குத் தனி மூலை. அவர் மட்டும் றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

போகிற நேரம் முக்கியம். பாளையை ஒரு நாளைக்கு இரண்டு தரம் சீவுவார்கள், காலையும் பின்னேரமும். மரத்திலேயே முட்டிக்குள் ஊறத் தொடங்கிவிடும், காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ற் விடாது. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது. அது கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் கள்ளு. இறக்கின உடன்கள்ளு இனிப்பு, இளம் நுரை. ஆறேழு மணித்தியாலம் போனால் புளிப்பு ஏறும், வெறியும் ஏறும். அதனால் ஏசி பாரில் நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் ஒரே லாகர், தவறணையில் ஒவ்வொரு மணிக்கும் வேறு கள்ளு. வீரியத்தில் உடன்கள்ளு 4.8 வீத லாகருக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் நிற்கும். 8.8 வீத ஸ்ரவுட் குடித்துப் பழகியவர்கள் “இது என்ன தண்ணி” என்று தொடங்கி நாலாவது கோப்பையில் வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்புவதைக் கண்டிருக்கிறேன்.

விற்கிறவர் பரலிலிருந்து அள்ளி, வடியில் ஊற்றி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வடியைத் தட்டினார். உள்ளே நாலைந்து தேனீ. மச்சான் முகம் மாறியது.

“பயப்பிடாதேங்கோ தம்பி,” என்றார் அவர். “ஈ விழாத கள்ளெண்டால்தான் யோசிக்க வேணும்.”

“அண்ணை, பனையோ தென்னையோ?” என்று கேட்டேன். இந்தக் கேள்வி கேட்காமல் யாரும் கோப்பையைத் தொடக்கூடாது. தென்னை ஆண்டு முழுக்க வரும். பனை தை, மாசியில் தொடங்கி ஆடியோடு குறையும். நாங்கள் நின்றது ஆவணியின் கடைசி.

“பனைதான். கடைசி மரங்கள்.”

பிளா கேட்டேன். சிரித்தார். பிளாஸ்ரிக் யக்கும் சில்வர் கோப்பையும்தான். பிளாவில் குடித்தால் ஓலையின் பச்சை மணம் கள்ளோடு சேர்ந்து வரும் என்று வாத்தியார் மூலையிலிருந்து திரும்பாமலே சொன்னார். அது அவர் அன்று எங்களோடு கதைத்த ஒரே கதை.

கொறிக்க ரேஸ்ற் என்று தவறணைக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. உப்பும் தூளும் தூவிய மாங்காய், அவித்த முட்டை. வெளியே ஒரு அக்கா தாச்சியில் மீன் பொரித்தார், இன்னொரு சட்டியில் ஆட்டு இரத்த வறை. மாங்காயைக் கடித்து, அந்தப் புளிப்பு இறங்குமுன் கள்ளை ஊற்றினால் கள்ளு இன்னும் இனிக்கும். கணவாய் டெவலுக்கும் லாகருக்கும் இப்படியொரு சம்பந்தம் இல்லை. அவை இரண்டும் ஒரே மேசையில் இருக்கின்றன, அவ்வளவுதான். குறையும் சொல்லவேண்டும்: கழிப்பறை என்று அவர்கள் கை காட்டியது வேலிக்கு அந்தப்பக்கம். இலையான் உண்டு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்த வாங்கு முதுகைக் கொல்லும். மழைக்காலத்தில் போகவே வேண்டாம். நாலு பேர் ஆறுதலாக இருந்து பழைய பள்ளிக்கூடக் கதை கதைக்க ஏசி பார்தான் சரி, பில்லை மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். புதிதாகக் கலியாணம் கட்டினவர்களுக்கும், அம்மா அப்பாவோடு வருகிற வெளிநாட்டுக்காரருக்கும் மொட்டைமாடி. தனியாக, அல்லது இன்னொருவரோடு, நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் என்றால் எனக்குத் தவறணையை விட்டால் வேறு இடம் இல்லை. எங்கே குடித்தாலும் வீட்டுக்கு ஓட்டோவில் போங்கள். மோட்டார் சைக்கிளைப் பொலிஸ் மறித்தால் இந்த மூன்று பில்லையும் கூட்டினாலும் காணாது.

ஒரு ஆளுக்கு மட்டும் இந்தத் தேர்வு இல்லை. மச்சாள், அதாவது அவன் தங்கச்சி, மொட்டைமாடிக்கு எங்களோடு வந்தவள். தவறணைக்கும் வருவேன் என்று நின்றாள். தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று 1979இல் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வந்தது. 2018 தையில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளுக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பக் கொண்டுவந்துவிட்டார். மொட்டைமாடியில் மெனுவைப் பணிவோடு முதலில் அவள் கையில்தான் கொடுத்தார்கள். அதே ஊர், அதே கிழமை. “சட்டத்துக்கும் மாடி ஏற லிப்ற் வேணும் போல,” என்றாள்.

அதனால் அவளுக்கு இரண்டு போத்தல் வாங்கினோம். இங்கே ஒரு எச்சரிக்கை: கள்ளுப் போத்தலை இறுக்கி மூடக்கூடாது, உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும். மச்சான் கொழும்புப் பழக்கத்தில் சோடாப் போத்தலை மூடுகிற மாதிரி மூடிவிட்டான். ஓட்டோ கோண்டாவில் சந்தி தாண்டுமுன் ஒன்று படாரென்று வெடித்து, அவன் காற்சட்டை முழுக்க நுரை. ஓட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, சீற்றைத் துடைத்து, ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாடகையில் மட்டும் சொன்னார்.

தப்பின போத்தலில் மச்சாள் குசினிக்குள் நின்று அரைக் கோப்பை குடித்தாள். மொட்டைமாடியில் குடித்ததைவிட நல்லது என்றாள். மிச்சத்தை மாமி வாங்கி அப்பத்துக்கு மாவில் விட்டு மூடி வைத்தார். இந்த ஊரில் எந்த ஆசாரமான வீட்டுக்குள்ளும் கள்ளு கேள்வியில்லாமல் நுழைகிற வழி அது ஒன்றுதான். விடிய எழும்பி மாவைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன், பனைக்கள்ளு அப்பம் இனி அடுத்த வருசம்தான் என்று சொல்லிக்கொண்டு. மாமி குனிந்து மணந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“தம்பி, இது தென்னங்கள்ளு. பனையெண்டு ஆர் உனக்குச் சொன்னது?”