எஞ்சின் தட்டும் ஓசை: எரிபொருள் தட்டலா, பேரிங் தேய்மானமா?

பெட்ரோல் எஞ்சினில் எழும் தட்டல் ஓசைக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களுள் ஒன்றைச் சொல்வார்கள். எரிபொருள் தட்டலுக்குச் செலவு பெரும்பாலும் குறைவு, பேரிங் (சுழலும் பாகங்களைத் தாங்கும் உறை) தேய்மானத்துக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால், எது என்று உறுதிசெய்யாமல் பணிமனைக்குச் சம்மதம் தருவது தவறு.

மேட்டில் உயர் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் மெல்லிய உலோகச் சலசலப்பாகக் கேட்டு, காலை எடுத்ததும் மறைந்தால், அது எரிபொருள் தட்டல், அதாவது எரிபொருள் கலவை சிலிண்டருக்குள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவதன் ஓசையாகும். கையேடு 95 ஆக்டேன் (பெட்ரோல் தட்டலைத் தாங்கும் திறனின் அளவு) கேட்கும் எஞ்சினுக்கு 91 ஊற்றுவது, கரிப்படிவு, தட்டலை உணரும் நாக் சென்சாரின் பழுது ஆகியவை இதற்குக் காரணங்கள். இவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலும் ஓசை நின்றுவிடும்.

பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு (எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால் ஓசை கனமாகவும் ஆழமாகவும் எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வரும்; அது சுழற்சி வேகத்தோடு கூடிக் குறையும், எஞ்சின் சூடேறி ஆயில் இளகியதும் பலக்கும். ஒவ்வொரு சிலிண்டராக, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் இணைப்பைத் துண்டிக்கும்போது எந்தச் சிலிண்டரில் ஓசை தணிகிறதோ அங்கேதான் கோளாறு என்று அனுபவமுள்ள மெக்கானிக் கண்டறிவார். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றும்போது உலோகத் துகள்கள் மினுங்கினால் பேரிங் தேய்மானம் என்ற ஐயம் மேலும் வலுப்படும். கிராங்க் ஷாஃப்டை அளந்து, தேய்ந்திருந்தால் கடைந்து, கடைந்த அளவுக்கு ஏற்ற (0.25 மி.மீ. போன்ற) குறை அளவுப் பேரிங் பொருத்த வேண்டும். கெட்டியான ஆயிலை ஊற்றி ஓசையை அடக்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தேய்மானம் தொடர்ந்து, ராட் முறிந்து சிலிண்டர் பிளாக்கைத் துளைத்துவிட்டால் எஞ்சினையே மாற்ற நேரிடும். இந்தக் கனமான ஓசை கேட்டால் வண்டியை ஓட்டாமல் இழுவை வண்டியில் கொண்டுசெல்லுங்கள்.